சைக்கிளில் விழாத இடுப்பு

பாயா ரும்புட், மலாக்கா.

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் முட்டிவலி தேவலையா? அப்பா நேரத்துக்கு மருந்து சாப்பிடுகிறாரா? நானும் வயிற்றுப் பிள்ளையும் நலம். போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

ஏழாம் மாதப் பரிசோதனையில் என் இடது கால் பாதிக்கு மேல் விரியவில்லை. பிள்ளைக்கு வழியை அடைத்துவிட்டேனோ என்று பயந்துபோனேன்.

"இடுப்புல ஆபரேஷன் செஞ்சிருக்கா? செக்கப் புக்ல எழுதலையே?" என்று கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி கேட்டார்.

பக்கத்தில் அத்தை நின்றார். "சின்ன வயசுல சைக்கிள்ல விழுந்துட்டேன் மிஸ்ஸி" என்றேன். பெண் பார்க்க வந்த அன்று அத்தையிடம் நீங்கள் சொன்ன அதே பதில், தானாக வந்துவிட்டது.

"விழுந்த தழும்பு ரூலர் வச்ச மாதிரியா இருக்கும் லா?" என்று மிஸ்ஸி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சின்ன வயதில் எனக்கு நடந்த அந்த இடுப்பு ஆபரேஷனில் என்ன செய்தார்கள் என்று தெரிந்தால்தான் சுகப்பிரசவமா, வயிற்றைத் திறப்பதா என்று டாக்டர் முடிவு செய்வாராம்.

பீரோவில் ஒளித்து வைத்திருக்கும் எக்ஸ்ரே, ஆஸ்பத்திரிக் காகிதம் எல்லாம் வேண்டும் அம்மா. உங்கள் பழைய கைலி இரண்டும் வேண்டும். முழங்கால்களுக்கு நடுவே வைத்துப் படுக்க இங்கே எந்தத் தலையணையும் சரிப்படவில்லை.

நேற்று அத்தையிடம் நானே உண்மையைச் சொல்லிவிட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு, "காகிதத்த தபால்ல போட வேணாம். உங்கம்மாவையே கொண்டுவரச் சொல்லு. நான் நேர்ல கேக்கணும்" என்றார்.

கோபம்தான். திட்டுவார். ஆனாலும் வாருங்கள்.

வேலைக்கு நேரமாகிறது.

லோகஷினி