மனுவின் நாலாம் பந்தி

ஐப்பசி 14, செவ்வாய்

விடியவே மழை. முன்பள்ளிக்கு ஒன்பது பிள்ளைகள்தான். கூரை ஓட்டையடியில் வாளி வைத்தது, பாய்களை மற்றப் பக்கம் இழுத்தது, பாதி நேரம் அதிலேயே போனது.

பத்து மணிக்கு நிவேதாவின் குரல் பதிவு. அக்காவின் மகள். தமிழ்நாட்டு முகாமில் பிறந்தவள். நர்சிங் முடித்தும் குடியுரிமை இல்லாததால் அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்க முடியாதவள். "சித்தி! ஹைகோர்ட்ல கேஸ எடுத்துக்கிட்டாங்க! நீங்க அனுப்பின பேப்பர்தான் முக்கியமாம், வக்கீல் சொன்னாரு."

அந்தப் பேப்பர்: அப்பாவின் பிறப்புப் பதிவு. ஆவணியில் அப்பா பிறந்த மலையகத்துக்குப் போய், இரண்டு நாள் குளிரில் நின்று எடுத்தது. அப்பாவின் அப்பா பிறந்தது தமிழ்நாட்டில் என்று அதில் இருக்கிறது. ஆகவே அக்காவும் மகளும் வெறும் அகதிகள் இல்லை, இந்திய வம்சாவளியினர். அதுதான் வழக்கு.

மனுவின் பிரதியும் அனுப்பியிருந்தாள். ஆங்கிலம். பிள்ளைகள் போன பிறகு அகராதியோடு இருந்து வாசித்தேன்.

நாலாம் பந்தி: முதல் மனுதாரரின் (அக்காவின்) தாய், தந்தை, ஒரே தங்கை மூவரும் இறுதிப் போரில் முள்ளிவாய்க்காலில் இறந்துவிட்டார்கள். இலங்கையில் அவருக்கு உறவும் இல்லை, காணியும் இல்லை.

அம்மா, அப்பா சரி. ஒரே தங்கை நான்.

அந்த ஆங்கிலச் சொல்லுக்கு வேறு பொருள் ஏதும் உண்டா என்று பார்த்தேன். இல்லை.

ஐப்பசி 15, புதன்

மழை விட்டது. இவருக்குக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார்.

"உம்மையே சாக்காட்டிப் போட்டாவோ?" பிறகு, "விடும். பயத்தில எழுதியிருப்பா."

பயம் என்றால் ஏன் எனக்குச் சொல்லவில்லை?

பக்கத்து அரை ஏக்கர் அக்காவின் பெயரில் அப்பா பதிந்த அரச காணி. மீள்குடியேறி வந்த நாளிலிருந்து நான்தான் காக்கிறேன். பற்றை வெட்டியது. கிணறு இறைத்தது. தென்னம்பிள்ளைகள் (இரண்டை மாடு தின்றது). அரசு திருப்பி எடுக்காமலிருக்க, வருடா வருடம் பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம்: உரிமையாளர் அடுத்த வருடம் திரும்பி வருவார். கீழே என் கையெழுத்து.

செத்தவளின் கையெழுத்து.

ஐப்பசி 16, வியாழன்

பின்னேரம் அக்காவுக்குப் போன் எடுத்தேன். மனதில் பாடமாக்கியது ஒன்றும் வரவில்லை.

"அக்கா, நான் செத்துப்போனனானோ?"

பின்னால் முகாம் குழாயடியில் குடங்கள் முட்டும் ஒலி.

"ஆர் காட்டினது? நிவேதாவோ?"

"ஆர் காட்டினா என்ன?"

"அங்க சொந்தம் இருக்கு, காணி இருக்கெண்டா, சண்டைதான் முடிஞ்சுதே, திரும்பிப் போ எண்டு சொல்லிப் போடுவாங்கள். உனக்கு விளங்காது."

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?"

"கேட்டா நீ விடமாட்டாய்."

"அப்ப ஒவ்வொரு தையும் 'அடுத்த வருசம் வாறன், காணியை விட்டிராதை' எண்டு சொன்னது?"

"இதுவும் சரிவராட்டி நாங்கள் எங்கையடி போறது?"

வைத்துவிட்டேன். அவள் மன்னாரில் படகேறப் போனபோது எனக்குப் பத்து வயது. அதன் பிறகு நேரில் காணவில்லை.

சமையல் இல்லை. கடைப் பாணும் பருப்பும்.

ஐப்பசி 18, சனி

உடுப்புக் காயவில்லை. போனில் இந்தியத் தொலைக்காட்சி விவாதம் ஒன்று பார்த்தேன். நாலு பேர், ஒரே கத்தல். திருத்திய குடியுரிமைச் சட்டத்தில் மூன்று அயல் நாடுகள் இருக்கின்றன, எங்கள் நாடு இல்லை. ஒருவர்: "அவங்களுக்குன்னு ஒரு நாடு இருக்கே, போகட்டுமே." மற்றவர்: "தொப்புள்கொடி உறவுங்க அவங்க!" பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவர்களுக்கு இனித் தண்டனை இல்லை என்று அரசு சொல்லிவிட்டதே என்றார் மூன்றாமவர். தண்டனை இல்லை, குடியுரிமையும் இல்லை. நாலாமவரைப் பேச விடவில்லை.

முகாமில் பிறந்த பிள்ளையை ஒருவரும் கூப்பிட்டிருக்கவில்லை.

முதலாமவர் பேசும்போது, போகட்டுமே என்று நானும் ஒரு கணம் நினைத்தேன். வெட்கம். ஆனால் நினைத்தேன்.

ஐப்பசி 20, திங்கள்

தீபாவளி. கோயிலுக்குப் போகவில்லை. வடை சுட்டது இவர்தான், எல்லாம் கருகல்.

நிவேதா எடுத்தாள். வாழ்த்துச் சொல்ல.

"நாலாம் பந்தி வாசிச்சனியோ பிள்ளை?"

"வாசிச்சேன் சித்தி. எனக்கும் ஒரு மாதிரி இருந்துச்சு. ஆனா நீங்களே ஒத்துக்கிட்டீங்கன்னு அம்மா சொன்னாங்களே?"

இது இரண்டாவது பொய். முதலாவதை விட இதுதான் உள்ளே இறங்கியது.

"நான் ஒத்துக்கொள்ளேல்லை. எனக்குத் தெரியவே தெரியாது."

அவள் அழத் தொடங்கினாள். நல்ல நாளில் பிள்ளையை அழவைத்தேன்.

ஐப்பசி 22, புதன்

வெயில். கிளிநொச்சிக்குப் போனேன். முன்பள்ளிப் பிள்ளை ஒன்றின் தாய் சட்டத்தரணி. அவாவிடம் பிரதியைக் காட்டினேன். "இந்தியச் சட்டம் எனக்கு முழுக்கத் தெரியாது ரீச்சர். ஆனா பொய்ச் சத்தியக்கடதாசி எங்கையும் ஒண்டுதான். எதிர்த்தரப்பு பிடிச்சா மகளின்ரை வழக்கும் சேர்ந்து விழும். அவையின்ரை வக்கீலிட்ட உண்மையைச் சொல்லச் சொல்லுங்கோ."

அப்படியே பிரதேச செயலகம். வருடாந்தக் கடிதம். காணிப் பகுதி மேசையில் புதுப் பெடிச்சி ஒருத்தி.

"அக்கா வாறாவோ அன்ரி?"

"தெரியாது."

"தெரியாது எண்டு எழுதேலாது. ஓம் அல்லது இல்லை."

கையெழுத்து வைக்காமல் வந்தேன். பஸ்ஸில் இருந்து நிவேதாவுக்கு எழுதினேன்: சித்தி உயிரோடு இருக்கிறாள், காணியும் இருக்கிறது, வக்கீலிடம் சொல். நீ ஒருநாளும் மிதிக்காத மண் இது, அதையும் சொல். தேவையென்றால் நானே சத்தியக்கடதாசி முடித்து அனுப்புகிறேன்.

அவளுக்காகச் சொன்னேனா, என் பெயரைத் திருப்பி எடுக்கவா? இரண்டும்தான்.

ஐப்பசி 25, சனி

நிவேதா நேற்றே போய்ச் சொல்லிவிட்டாள். வக்கீல் கோபப்பட்டாராம். இப்போதைக்கு அக்காவின் பெயரை எடுத்துவிட்டு, மகளின் மனுவை மட்டும் திருத்திப் போடப் போகிறார். இலங்கையில் பிறக்காதவளைத் திரும்பிப் போ என்று சொல்ல முடியாது, அது நிற்கும் என்கிறாராம். அக்காவினது பிறகு பார்க்கலாம். பிறகு என்றால் எப்போது என்று சொல்லவில்லை.

"அம்மா எங்கிட்ட பேச மாட்டேங்குறாங்க சித்தி."

ஐப்பசி 26, ஞாயிறு

திரும்பவும் மழை. விறகு நனைந்துவிட்டது.

அக்காவின் குரல் பதிவு. பத்துச் செக்கன் வராது.

"நீ உயிரோட இருந்து எனக்கு என்னடி செய்தனி?"

இரண்டு தரம் கேட்டேன். மூன்றாம் தரம் போட, இவர் வந்து போனை வாங்கி அலுமாரிக்குள் வைத்துவிட்டார்.