ஏலக்காய் அடக்கிய இருமல்

அன்புள்ள அம்மா,

பாலக்காட்டிலிருந்து ஓர் அரிய அறிவிப்பு: உன் மகன் டின்டு தன் சட்டையைத் தானே துவைத்துவிட்டான். நான் நலம். உன் நெஞ்சு எப்படி?

தொழிலாளர்களைச் சோதிக்கக் குமுளிக்குப் போய்வந்த, நான் வேலை செய்யும் ஆய்வகத்தின் நுரையீரல் டாக்டர், “உங்க ஊர் ஏலக்காய் உலர்த்துற ஸ்டோர்ல யாருமே இருமலையேடா” என்கிறார்! அங்கே வேலை செய்யும் நீங்கள் எப்படி இருமுவீர்கள்? டாக்டரைக் கண்டாலே ஆளுக்கொரு ஏலக்காயை வாயில் அடக்கிக்கொள்கிறீர்களே! இருமினால் சூப்பர்வைசர் வேலையை விட்டு நிறுத்துவாராம். காய் உலர்த்த விறகுப் புகை மூட்டுவது அவர், மூச்சுத் திணறுவது நீயா? “எங்கம்மா படியேறுனாலே நெஞ்சு விசிலடிக்கும் சார், ஏலக்காயத் துப்பச் சொல்லிக் கேளுங்க” என்று முழங்கினேன். ஆய்வகமே அதிர்ந்தது.

சனிக்கிழமை டாக்டர் மறுபடி அங்கே வருகிறார். என் போர்வையை அவரிடம் கொடுத்துவிடு, இங்கே தூக்கமே வரவில்லை.

அப்புறம் அம்மா, நான் முழங்கவெல்லாம் இல்லை. உன் வேலை போய்விடுமோ என்று பயந்து வாயே திறக்கவில்லை. நீயாவது டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடும்மா.

டின்டு