பின் சீட்டில் டங் டங்

ஜுலைகா,

காரின் பின்பக்கச் சத்தத்தைப் பிடித்துவிட்டேன்! ஸ்பிரிங்கைச் சரியாகப் பூட்டவில்லை என்று உன் அண்ணனைத் திட்டியதெல்லாம் வீண். இன்று பின் சீட்டைத் தூக்கினால், அடியில் உன் பித்தளை உரல்! ஜப்பான்காரன் பிடுங்கிவிடுவான் என்று ஒளித்தாய், சரி. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

வீடு வீடாகப் பித்தளை பிடுங்கும் அதிகாரியையே நேற்று செங் ஊரிலிருந்து அதன்மேல் உட்காரவைத்து ஓட்டி வந்தேன். "என்ன சத்தம்?" என்றான். "கிழட்டு வண்டி, துவான்" என்றேன், எசமானிடம் பேசுகிற பணிவோடு.

அண்ணன் வந்தால் மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொடு. கோபம் ஆறட்டும்.

உரலை என் பழைய சட்டையில் சுற்றி அங்கேயே வைத்துவிட்டேன். அதைவிடப் பத்திரமான இடம் மலாக்காவில் கிடையாது.

– காதர்

இன்னொன்று: இப்போது முன்பக்கமும் ஏதோ உருளுகிறது. உலக்கையை எங்கே வைத்தாய்?