பல் பிடுங்கிய பச்சைத் தலை

மார்ச் 3
அத்தை ஆல்பத்தில் இருப்பதெல்லாம் பொக்கை வாய்த் தபால்தலைகள். ஓரத்தில் பல் போடும் இயந்திரம் வருவதற்கு முந்தியவை. கத்தரியால் வெட்டித்தான் விற்றார்களாம். நாலு பக்கமும் வெள்ளை ஓரம் மிஞ்சினால் ராஜா. படத்தில் கத்தரி பட்டிருந்தால் கூஜா.

இன்று நானே ஒரு ராஜா செய்தேன். அதே படத்தோடு பிற்பாடு வந்த, பல் உள்ள பச்சைத் தலைக்குச் சுற்றிலும் பல் போகும்படி முடிவெட்டி ஆல்பத்தில் செருகிவிட்டேன். அத்தை முழிக்கட்டும்!

மார்ச் 5
அத்தை பார்த்துவிட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தால், லென்சும் கையுமாகக் குதிக்கிறாள்.

“வாலு, இங்க வாடி! பின்னால தாள் உரிஞ்சு மெலியல, மடிப்பு இல்ல, நாலு ஓரமும் முழுசு. இத்தனை நாள் எப்படிடி என் கண்ணுல படல?”

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சிக்கு நடுப்பக்கத்தில் வைத்துவிட்டாள்.

மார்ச் 6
சிரிப்பு வரவில்லை.

மார்ச் 7
போன வருஷம் நடுவர் எழுதிய ‘மடிப்பைக் கவனிக்கவில்லை’ சீட்டை அத்தை இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறாள். இந்த முறை என்னால் தலைகுனிவதா? முடியாது. சொல்லிவிட்டேன்.

அடி விழவில்லை. “எப்படி நிரூபிப்பே?” என்றாள்.

அதே படத்தில் பல் உள்ள இன்னொரு தலையை அதன்மேல் வைத்தேன். ஓரம் முழுசாக உள்ள நிஜப் பொக்கை பல்லுள்ளதைவிட அகலமாக இருக்க வேண்டும். என்னுடையது மயிரிழை குறைச்சல்.

“சரி. மிச்சம் முப்பத்தேழையும் அளடி.”

மார்ச் 8
முப்பத்தாறு சரி. அத்தையின் செல்லச் சிவப்பு — கடைக்காரர் ‘உங்களுக்காகவே எடுத்து வெச்சேம்மா’ என்று கொடுத்தது — ஒல்லி. மூலையில் அரைநிலா மாதிரி, பல் போட்ட துளை ஒன்றின் தழும்பு.

இதையும் சொல்லணுமா? நான் வெட்டியதில்லையே! ... வாயை மூடிக்கொண்டால் நானும் அந்தக் கடைக்காரரும் ஒன்று.

சொன்னேன். அத்தை மூன்று முறை அளந்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 10
கண்காட்சி. நடுப்பக்கம் காலி. பச்சையும் சிவப்பும் தனியாகக் கடைசிப் பக்கத்தில், அகலக் கணக்கோடு. கீழே அத்தையின் குண்டெழுத்து: ‘இரண்டும் போலி. சிவப்பு, கடைக்காரர் வெட்டியது. பச்சை, என் மருமகள் வெட்டியது. இரண்டையும் பிடித்தவள் அவளே.’

நடுவர்கள் அதிக நேரம் நின்றது அங்கேதான். ஒருவர் நிமிர்ந்து, “யாரும்மா அந்த மருமக?” என்றார்.

கை தூக்கினேன். கத்தரி பிடிக்காத கையை.