கையெழுத்துக்கு ஒரு மணி

கொலம்பஸ், ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி தேவலையா? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

எக்ஸ்ரே படிப்புக்காக அந்தத் தனியார் கல்லூரிக்குப் போனேன். யாராவது கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் மணியடித்துக் கைதட்டுகிறார்கள்.

"நாப்பதாயிரம் டாலர்தானே கண்ணு, சம்பளம் வந்தா அடைச்சிடலாம்" என்றாள், அங்கே ஆள் பிடிக்கும் லொரெட்டா.

"நீங்க எங்க படிச்சீங்க?"

"இங்கதான். இதே படிப்பு."

"அப்புறம் எக்ஸ்ரே எடுக்காம இங்க ஏன் மணியடிக்கிறீங்க?"

பதில் வருவதற்குள் பக்கத்து மேஜையில் மணி அடித்தது. லொரெட்டா தன்னையறியாமல் கைதட்டினாள். எழுந்து வந்துவிட்டேன். த்தூ!

அரசுக் கல்லூரியில் கால்வாசிக் கடன்தான், ஆனால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அதுவரை முதியோர் இல்ல வேலையே போதும். என் பழைய கம்பளிப் போர்வையை அனுப்பு.

நம் வீட்டுப் போன் எண்ணை அவர்களிடம் கொடுத்துத் தொலைத்துவிட்டேன். கூப்பிட்டால் போனை வைத்துவிடு. என்னைக் கண்ணு என்று நீ கூப்பிட்டால் போதும்.

பஸ் வந்துவிட்டது.

ரோவீனா