மூலக் கோப்பு கிடைக்கவில்லை

மார்ச் 3, திங்கள்

இன்றும் கேட்டது. எக்செல்லைத் திறந்ததும் அதே பெட்டி: இணைப்புகளைப் புதுப்பிக்கவா? அடியில் அக்கா பெயரில் ஒரு ஃபோல்டர். மூலக் கோப்பு அங்கே கிடைக்கவில்லையாம்.

முதல் நாளே தலைமை நர்ஸ் சொல்லிவிட்டார். "அது வந்தா 'வேண்டாம்'னு அழுத்திடு. 'ஆமா'ன்னு குடுத்தா கட்டம் பூரா பிழை பிழைன்னு கத்தும்." அழுத்தினேன். டயாலிசிஸ் பிரிவில் அக்கா பார்த்த வேலை இப்போது எனக்கு. டிசம்பரில் ஒரு மதியம் சாப்பிடப் போனவள் கை கழுவும் இடத்திலேயே சரிந்துவிட்டாள், பிறகு எழவே இல்லை. அவள் நாற்காலியை நான் இன்னும் இறக்கவில்லை. கால் தரையில் படாமல் தொங்குகிறது.

தினம் நோயாளிகளின் ஷீட்டை அச்செடுத்துத் தர வேண்டும். யாருக்கு எந்த எடை வரும்வரை உடம்பிலிருந்து நீரை எடுக்க வேண்டும் என்று அதில் இருக்கும். அதைப் பார்த்துத்தான் நர்ஸுகள் மெஷினை ஓட்டுகிறார்கள்.

வீட்டில் அம்மா, "இன்னிக்கும் கேட்டாளா?" என்றாள். பெட்டியில் அக்கா பெயர் வருகிறது என்று ஏன்தான் வாயைத் திறந்தேனோ. "கேட்டா" என்றேன்.

மார்ச் 5, புதன்

லாரிக்காரர் மூச்சு வாங்க வந்தார். அந்தக் காலத்து லாரி ஓட்டுநர். ஜன்னலோரப் படுக்கை அவருடையது. மெலிந்து சட்டை தொளதொளக்கிறது, முகம் மட்டும் வீங்கியிருக்கிறது.

"படுத்தா மூச்சு முட்டுதும்மா. ராத்திரி பூரா உக்காந்தேதான் ஓட்டுறேன். பழக்கந்தான், என்ன, வண்டிதான் இல்ல." சிரித்தார். "டாக்டர் ஏதோ எடையைக் குறைச்சிருக்கேன்னாரு. கேட்டுச் சொல்லேன்."

நர்ஸிடம் கேட்டேன். ஷீட்டை நீட்டினார். "மாத்தியிருந்தா இதுல வந்திருக்கும். உங்க அக்கா போட்ட ஷீட்டும்மா இது. தப்பு வந்து நான் பார்த்ததே இல்ல."

பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 7, வெள்ளி

பழைய தாள்களை அடுக்கும்போது பார்த்தேன் — லாரிக்காரருக்கு மட்டுமல்ல, யாருக்குமே எடை மாறவில்லை. எல்லாம் அக்கா வேலைக்கு வந்த கடைசி நாளின் எண்கள். டாக்டர் மாதாமாதம் மாற்றுகிறாரே, அதெல்லாம் எங்கே போகிறது?

கணினிக்காரரைப் பிடித்தேன். "அவங்க ஃபோல்டரை 'பழைய ஊழியர்கள்'னு ஒண்ணுக்குள்ள தள்ளிட்டேன். டாக்டர் எடை போடுற ஃபைலும் அதுக்குள்ளதான் இருந்துச்சு. டாக்டருக்குப் புது வழி வெச்சுக் குடுத்துட்டேனே. அவரு ஃபைல் நல்லாத்தான் ஓடுது."

அவர் ஃபைல் ஓடுகிறது. எங்கள் ஷீட் பழைய இடத்திலேயே போய்த் தேடுகிறது. கிடைக்காததால் கடைசியாகப் பார்த்த எண்ணையே காட்டிக்கொண்டு நிற்கிறது. அய்யோ, தினம் அது சொல்லிட்டுத்தானே இருந்துச்சு! பேசாம இருன்னு அழுத்தினது நான்தானே. நர்ஸ் சொன்னாங்கன்னு மட்டுமா? அவ பேரு கொஞ்சம் எதிர்ல நிக்கட்டும்னும்தான். அங்க ஒரு மனுஷன் மூச்சு முட்டி உக்காந்திருக்காரு.

நர்ஸிடம் ஓடினேன். டாக்டரின் ஃபைலையும் எங்கள் தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்ததும் அவர் டாக்டருக்குப் போன் போட்டார். லாரிக்காரரின் எடை அங்கே இரண்டு முறை குறைந்திருந்தது. நாங்கள் எடுக்காமல் விட்ட நீர்தான் அவருக்கு மூச்சு முட்டியிருக்கிறது. டாக்டர் வந்தார். "ஒரேயடியா எடுத்தா தாங்கமாட்டாரு. கொஞ்சங் கொஞ்சமா இறக்குங்க." எல்லோருடைய தாளையும் நர்ஸ் கையாலேயே திருத்தினார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. நானும்தான்.

மார்ச் 8, சனி

டாக்டரின் ஃபைலைப் பொது ஃபோல்டருக்கு மாற்றச் சொல்லிக் கணினிக்காரரிடம் கேட்டேன். எங்கள் ஷீட்டில் 'மூலத்தை மாற்று' என்று ஒரு பொத்தான். புது இடத்தைக் காட்டினால் எல்லாக் கட்டத்திலிருந்தும் அவள் பெயர் போய்விடும். கையை அதன்மேல் வைத்துக்கொண்டு அழுதேன். பிறகு அழுத்தினேன். எண்கள் மொத்தமாக மாறின. அவள் போன அன்றே நின்றிருந்த ஷீட் இன்றைக்கு வந்து சேர்ந்தது.

சேமித்து, மூடித் திறந்தேன். மறுபடியும் கேட்டது! அதே ஃபோல்டர், அதே பெயர். இன்னும் எங்கடி இருக்கே?

மார்ச் 9, ஞாயிறு

ஷீட்டில் எங்கேயோ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறாள் என்று அம்மாவிடம் சொன்னேன். "மெதுவாவே தேடு" என்றாள்.

மார்ச் 10, திங்கள்

கண்டுபிடித்தேன். மறைத்து வைத்த ஒரு பக்கம். அக்கா வேலை பழகும்போது, தன் ஃபோல்டரில் இன்னொரு ஃபைல் வைத்து, அதிலிருந்து எண்கள் வரும்படி போட்டுப் பார்த்தது. நோயாளிகளுக்குப் பதில் எங்கள் வீட்டு ஆட்கள் — அம்மா, அவள், நான். என் எடையைத் தாராளமாக ஏற்றிப் போட்டிருக்கிறாள், கழுதை. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

பக்கத்தை அழிக்கவில்லை. லிங்க்கை மட்டும் துண்டித்தேன். துண்டித்தால் எண்கள் அப்படியே நின்றுவிடும், இனி எங்கேயும் போய்த் தேடாது. நாங்கள் மூன்று பேரும் அப்படியே நின்றால் யாருக்கும் கேடில்லை.

மார்ச் 12, புதன்

ஷீட் பேசாமல் திறந்தது. 'வேண்டாம்' இருக்கும் இடத்தில் கை தானாகப் போய் நின்றது.

லாரிக்காரர் வாசலிலேயே கையை ஆட்டினார். "நேத்து மல்லாந்து படுத்துத் தூங்கினேன்மா. வண்டியை ஓரங்கட்டியாச்சு." முகத்தில் வீக்கம் வடிந்திருந்தது. எனக்குத்தான் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா, "இன்னிக்குக் கேட்டாளா?"

"இல்லம்மா."

துடைத்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்ப அவ தேடினது கெடைச்சிருக்கும்" என்றாள்.