நிலவில் மினுங்காத உப்பாறு

நேற்று உன் மனைவி என் பெரிய பயணப்பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து தந்தார். லண்டனில் கலியாணம் என்று சொல்லி நீ இரவல் வாங்கிப்போன நீலப்பெட்டி. மூடியைத் திறந்ததும் வெயிலுக்குப் பூசும் களிம்பின் தேங்காய் வாசம். உள்துணியின் மடிப்பில் வெள்ளை மணல். லண்டனில் எந்தக் கலியாண மண்டபத்தில் மணல் இருக்கிறது?

சென் குரோய் என்ற தீவின் பெயரை நாம் இருவரும் ஒரே நாளில், டென்மார்க்குக்கு வந்த புதிதில் ஹொல்ஸ்டெப்ரோவில் டேனிஷ் படிக்கப்போன வகுப்பில் கேள்விப்பட்டோம். கரிபியன் கடலில் டென்மார்க்குக்கு ஒருகாலத்தில் தீவுகள் இருந்தன, அமெரிக்காவுக்கு விற்றுவிட்டோம் என்றார் ஆசிரியை. நீ பக்கத்தில் இருந்து முணுமுணுத்தாய்: "வெயிலை வித்துப்போட்டுக் குளிரை வைச்சிருக்கிறாங்கள், விசரங்கள்." நான் சிரித்து ஆசிரியையிடம் பேச்சு வாங்கினேன். நீ ஒன்றும் அறியாதவன்போல் முகத்தை வைத்திருந்தாய். அன்றைக்கே உன்னை விளங்கியிருக்க வேண்டும்.

ஊரில் புவியியல் படித்துப் பாதியில் விட்டு ஓடிவந்தவன் நான். பிறகு இருவரும் இறைச்சித் தொழிற்சாலையில் வேலைக்கு நின்ற காலத்தில், தேநீர் இடைவேளைகளில் உனக்கு அந்தத் தீவை நான்தான் சொல்லித் தந்தேன். தெருக்களுக்கு இன்னமும் டேனிஷ் பெயர்கள், துறைமுகத்தில் மஞ்சள் கோட்டை, அடிமைகள் கரும்பு வெட்டிய தோட்டங்களில் இடிந்து நிற்கும் காற்றாலைக் கோபுரங்கள், அவற்றின் நிழலில் இன்றைய கிராமங்கள். மேற்கே மழைக்காடு. ஆமைகள் முட்டையிடும் மாதங்களில் மூடிவிடும் நீண்ட கடற்கரை. வடக்கே ஒரு குடா. அதன் ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழாக்கி உப்பாறு என்றோம். இருட்டில் அந்தத் தண்ணீரைக் கையால் அளைந்தால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் நீலமாக மினுங்கும் என்றபோது நீ பாண் துண்டைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாய்.

நம் ஆட்கள் விடுமுறை என்றால் சொந்தக்காரர் வீட்டுக்குத்தான் போவார்கள். பாரிஸில் மாமி, டொரோண்டோவில் சித்தப்பா. "ஒரு சொந்தக்காரனும் இல்லாத ஊருக்கு ஒருக்காப் போகவேணும் மச்சான். சாமத்திய வீடு இல்லை, கலியாண வீடு இல்லை. நீயும் நானும்" என்று சொன்னவன் நீ. நான் அதை நம்பினேன். பிள்ளைகள் வளரட்டும், வீட்டுக்கடன் முடியட்டும் என்று வருடங்களைத் தள்ளிக்கொண்டு போனது நாம் இருவரும்தான். ஆனால் ஏமாந்தது நான் மட்டும்.

விபோர்க்கில் உன் மகளின் பிறந்தநாள் விழாவில்தான் எனக்குத் தெரியவந்தது. பெரிய திரையில் படங்கள் ஓடின. மஞ்சள் கோட்டைக்கு முன்னால் தொப்பியோடு நீ. திரைக்குப் பக்கத்தில் கையில் ஒலிவாங்கியுடன் நின்று, அடிமைகள், கரும்பு, ஆமை என்று என்னுடைய சொற்களையே வரிசை தப்பாமல் சொல்லிக்கொண்டிருந்தாய்.

"உதெல்லாம் எப்படி அண்ணை தெரியும்?" என்று ஒருவர் கேட்டார்.

"அங்க ஒரு வழிகாட்டி சொன்னவன்" என்றாய். நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். பிறகு என்னைக் கண்டு தோளில் தட்டினாய். "கண்ணூறு படும் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை மச்சான்." போய்ச் சேரும்வரை பயணத்தை மறைப்பது நம்மவர் வழக்கம்தான். ஆனால் என் கண்ணுக்குமா பயந்தாய்?

அதன் பிறகு உன் வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. நோயில் கிடந்து, ஓகூஸ் ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி நீ ஆள் விட்டபோதுதான் வந்தேன். மன்னிப்புக் கேட்பாய் என்று எதிர்பார்த்து வந்தேன், ஒளிக்க என்ன இருக்கிறது.

"அந்த உப்பாறு மினுங்கேல்லையடா" என்றாய்.

"எப்ப போனனீ?"

"மனிசி வளர்பிறை பாத்து நாள் வைச்சவ. தண்ணிக்கு இறங்கின அண்டைக்குப் பூரணை. பால் ஊத்தின மாதிரி நிலவு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்காக இன்றும் வெட்கப்படவில்லை. "அமாவாசையை அண்டிப் போயிருக்கவேணும். என்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்தாச் சொல்லியிருப்பன்."

"உன்னைக் கூட்டிக்கொண்டு போனாக் கடலை ஆர் பாக்கிறது? நீ கதைச்சுக்கொண்டெல்லோ இருப்பாய்."

மன்னிப்பு அவ்வளவுதான். நீ என்னிடம் கடைசியாகச் சொன்னதும் அதுதான்.

நேற்று பெட்டியை வைத்துவிட்டு உன் மனைவி போகாமல் நின்றார். "அண்ணை, ஒண்டு கேக்கட்டே? அந்தத் தண்ணி மெய்யா மினுங்கினதோ? எனக்கு ஒண்டும் தெரியேல்லை. தனக்குத் தெரிஞ்சது, உன்ர கண்ணிலதான் பிழை எண்டு சொல்லி, இஞ்ச வந்து கண் டொக்டரிட்டையும் கூட்டிக்கொண்டு போனவர்."

செத்தவனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பார்கள். நான் காட்டிக்கொடுத்தேன். "உங்கட கண்ணில ஒரு பிழையும் இல்லைத் தங்கச்சி. நிலவுக்க அது தெரியாது. அவனும் காணேல்லை."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். "கள்ளன்" என்று சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு அழுகையாகியது. போகும்போது படியில் திரும்பிக் கேட்டார்: "அப்ப ஏன் அண்ணை உங்களைக் கூட்டிக்கொண்டு போகேல்லை?"

எனக்குப் பதில் தெரியும். சொல்லவில்லை.

வருகிற மாசி அமாவாசையை அண்டி ஒரு டிக்கெட் எடுத்திருக்கிறேன். உன்னைப்போலவே நானும் ஒருவருக்கும் சொல்லவில்லை. பெட்டியைத் துடைத்து வைத்தாயிற்று. உன் அந்தக் கடைசி வாக்கியம்தான் துடைக்க வராமல் கிடக்கிறது. அதுவும் என்னோடுதான் வரும். உப்பாற்றில் படகில் இருந்து கையைத் தண்ணீருக்குள் விடுவேன். மினுங்கினாலும் மினுங்காவிட்டாலும் வாய் திறக்க மாட்டேன். நான் கதைக்காமலும் இருக்கக்கூடியவன் என்று காட்டவேண்டிய ஆள் ஒருவன்தான் இருந்தான். அவன் பக்கத்தில் இருக்கமாட்டான்.